பிரசவ அறையை இரவில் பூட்டாதீர்கள்: சபைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சபைத் தலைவி அன்னை அவர்களுக்கும் தலைமை ஆலோசனைக் குழுவின் அருட்சகோதரிகளுக்கும்,

வட உகாண்டாவில் உங்கள் சபை நடத்திவரும் சுகாதார மையத்தில் இனி இரவில் பிரசவம் பார்க்கப்படாது என்றும், பிரசவம் பார்க்கும் செவிலியரில் இருவர் நகரத்தில் கட்டி முடிக்கப்பட்டுள்ள உங்கள் புதிய மருத்துவமனைக்கு மாற்றப்படுவர் என்றும், பிரசவத்துக்கு இதுவரை பெற்றுவந்த ஒரே தொகைக்குப் பதிலாகக் கையுறை, ஊசி, தையல், படுக்கை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டணம் பெறப்படும் என்றும், முன்பணம் செலுத்திய பிறகே அனுமதி என்றும் அறிவிக்கும் உங்கள் சுற்றறிக்கை மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. காரணமாக அதில் இருப்பது "நிதிநிலையைக் கருத்தில் கொண்டு" என்ற ஒரே தொடர். அந்த மையத்தில் பணிபுரியும் தமிழ்ச் செவிலியர் நான். துறவற வார்த்தைப்பாடு எதுவும் கொடுக்காத பொதுநிலைப் பெண். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. சபையின் மாநிலத் தலைமை வழியாக அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால்தான் இது திறந்த மடலாகிறது. முடிவெடுத்த நீங்கள் தமிழகத்தில் இருக்கிறீர்கள். உங்கள் ஆப்பிரிக்கப் பணிக்கென்று தவக்கால உண்டியலில் காசு போட்டவர்களும் தமிழகத்து ஆலயப் பங்குகளின் மக்களே. தாங்கள் கொடுத்தது எந்தக் கட்டடத்துக்குப் போகிறது என்று அறிய அவர்களுக்கும் உரிமை உண்டு என்பதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

உங்களில் சிலர் இம்மையத்தைத் திறப்பு விழாவில் மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். ஆகவே அது எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உகாண்டாவின் சுகாதார அமைப்பு படிப்படியானது. அடியில் கிராமத் தன்னார்வலர் குழு, அடுத்து வெளிநோயாளிகளை மட்டும் பார்க்கும் இரண்டாம் நிலை மையம், அதற்கு மேல் பிரசவ அறையும் சிறு ஆய்வகமும் உள்ள மூன்றாம் நிலை மையம், அறுவை அரங்கு இருக்க வேண்டிய நான்காம் நிலை மையம், பிறகு மருத்துவமனை. நம்முடையது மூன்றாம் நிலை. சிசேரியன் செய்ய எங்களால் இயலாது. இரத்தம் ஏற்றவும் இயலாது. பிரசவத்தின் போக்கைப் பார்டோகிராஃப் தாளில் குறித்து, அது தடம் மாறுவதை நேரத்தில் கண்டுபிடிக்க இயலும். குழந்தை பிறந்த உடனே ஆக்ஸிடோசின் ஊசி போட்டு இரத்தப்போக்கைத் தடுக்க இயலும். வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்பேட் கொடுக்க இயலும். அழாத குழந்தைக்கு ஆம்பு பையால் மூச்சு கொடுக்க இயலும். மீறிப் போனால் ஆம்புலன்ஸை அழைத்து, சலைன் ஏற்றியபடியே மேலே அனுப்ப இயலும். எளிய வேலைகள்தாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் விழித்திருக்கும் ஒரு செவிலியர் வேண்டும். பிரசவ வலி அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுற்றறிக்கை நடைமுறைக்கு வந்த பிறகு நடந்த ஒரு நிகழ்வை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். நான்காவது பிரசவத்துக்காக ஒரு பெண் மழை இரவில், நள்ளிரவு தாண்டிய பிறகு, போடா-போடா எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிளில் ஓட்டுநருக்கும் மாமியாருக்கும் நடுவே உட்கார்ந்து எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். பிரசவ அறை பூட்டியிருந்தது. மேலதிகப் பணிநேரத்துக்கு ஊதியம் கேட்கக்கூடும் என்பதால், இரவில் செவிலியரைக் குடியிருப்பிலிருந்து எழுப்பக் கூடாது என்று காவலருக்கு உத்தரவு. அவர் தமக்குச் சொல்லப்பட்டதையே சொன்னார்: நகரத்துக்குப் போங்கள். மாமியார் துணி முடிச்சை அவிழ்த்துப் பணத்தைக் காட்டியிருக்கிறார். முன்பணம் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள் என்று பலகையைப் படித்தவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டதால், அன்று மாலை வலி தொடங்கியதும் அவர் முதலில் போனது மருத்துவ மையத்துக்கு அல்ல, கிராமத்துப் பெண்களின் சேமிப்புக் குழுவுக்கு. அக்குழுவின் இரும்புப் பெட்டிக்கு மூன்று பூட்டுகள். மூன்று சாவிகளும் வெவ்வேறு வீடுகளில் மூன்று பெண்களிடம் இருக்கும். மூவரையும் தேடிப் பிடித்துப் பெட்டியைத் திறந்து கடன் வாங்கி முடிப்பதற்குள் இரவாகிவிட்டது. மாலையிலேயே வந்திருக்க வேண்டிய ஒரு பெண், உங்கள் சுற்றறிக்கையின் ஒரு விதியால் தாமதமாகி, அதன் இன்னொரு விதியால் திருப்பி அனுப்பப்பட்டார்.

நகரத்துக்குப் போகும் செம்மண் சாலையில் ஓடை பெருகிப் பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை சாலையோரத்தில், மாமியாரின் மேல்துணியின் மீது பிறந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை. விடியற்காலையில் அவர்களைத் திரும்ப எங்களிடமே கொண்டுவந்தார்கள். குழந்தைக்கு உயிரில்லை. தாயின் நாடி விரலுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றி, சலைன் ஓடவிட்டு, நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்து, ஓடை வடிந்த பிறகு மருத்துவமனைக்கு அனுப்பினோம். அவர் பிழைத்தார்; சிகிச்சைச் செலவுக்காக அவர் கணவர் உழவு மாட்டை விற்றார். காவலர் மீது ஒரு குறையும் சொல்ல மாட்டேன், அவர் ஆணையை நிறைவேற்றினார். ஆம்பு பை எங்கள் அலமாரியில் சுத்தமாக, உறை பிரிக்கப்படாமல் இருந்தது.

இந்த மரணம் உங்களுக்கு வரும் மாதாந்தர அறிக்கையில் எப்படித் தெரியும் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். எங்கள் பிரசவப் பதிவேட்டில் "வருமுன் பிறந்தது" என்று ஒரு வகை உண்டு. அக்குழந்தையின் கணக்கு அதில் போய்ச் சேர்ந்தது. மையத்தில் நிகழ்ந்த பிரசவமாகவோ, மையத்தில் நிகழ்ந்த மரணமாகவோ அது எண்ணப்படாது. வீட்டிலேயே பெற்று வீட்டிலேயே இறந்தவர்கள் எந்தப் பத்தியிலும் வர மாட்டார்கள். எனவே இரவில் கதவை மூடிவிட்டால் மையத்தின் பிரசவ எண்ணிக்கை குறையும், மரணங்களும் குறையும், செலவும் குறையும். அடுத்த ஆண்டு பொதுப் பேரவையில் யாரேனும் இந்த அட்டவணையைத் திரையில் காட்டி, முடிவு சரியானதே என்று பேசக்கூடும். அட்டவணை பொய் சொல்லாது. அது வாசலுக்கு வெளியே பார்க்காது, அவ்வளவுதான்.

அரசு மையத்தில் இலவசம்தானே, அங்கே போகட்டும் என்று சுற்றறிக்கைக்குப் பின் நடந்த கூட்டத்தில் சொல்லப்பட்டது. 2001-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உகாண்டா அரசு தன் மையங்களில் நோயாளிக் கட்டணத்தை ஒழித்தது உண்மை. ஏழைகள் பெருந்திரளாக அங்கே போனதும் உண்மை. அதே வேளையில், கட்டணம் ஒழிந்ததால் மருந்தும் ஆளும் தானாக வந்து சேர்ந்துவிடவில்லை என்பதும் இங்கே யாவரும் அறிந்தது. எங்களுக்கு மிக அருகிலுள்ள அரசு மையத்தில் செவிலியர் தங்கக் குடியிருப்பு கிடையாது. மாலையானதும் அவர் நகரத்துக்குத் திரும்பிவிடுகிறார். ஆக்ஸிடோசின் இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. அங்கே குளிர்பெட்டி பழுதாகிக் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட், முஸ்லிம் அமைப்புகள் நடத்தும் லாப நோக்கமற்ற மையங்களுக்கு அரசே ஆண்டுதோறும் ஆரம்ப சுகாதார மானியம் கொடுப்பது ஏன்? அரசு எட்டாத இடத்தில் இவை இருக்கின்றன என்பதற்காகத்தான். அந்த மானியத்தில் நம் மையத்துக்கும் பங்கு வருகிறது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டாரும் சேர்ந்து 1979-இல் தொடங்கிய கூட்டு மருந்துக் கிடங்கிலிருந்து அரசுச் செலவில் மருந்தும் வருகிறது. கிராமத்து ஏழைகளின் பெயரால் இவற்றை வாங்கிக்கொண்டு, அந்த மையத்தின் செவிலியரை நகரத்தின் தனி அறைப் பிரிவுக்கு அனுப்புவதை நான் எந்தச் சொல்லால் குறிப்பிடுவது என்று தெரியவில்லை. மாவட்ட சுகாதார அலுவலகம் அதற்கான சொல்லைக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே திருத்திக்கொள்வது நல்லது.

அடுத்து, கட்டணம். இதில்தான் உங்கள் நிதிக்குழுவோடு எனக்குப் பெரும் கருத்துவேறுபாடு. இதுவரை ஒரு தாய் சுகப்பிரசவமானாலும் சிக்கலானாலும் ஒரே தொகை கட்டினார். அது ஏறக்குறைய ஒரு கோழியின் விலை. பொருள்வாரிக் கட்டணம் என்பது பார்வைக்கு நேர்மையானது: பயன்படுத்தியதற்கு மட்டும் பணம். பிரசவத்தில் அதன் விளைவு வேறு. நலமாகப் பெறுபவளுக்கு இரண்டு ஜோடிக் கையுறையும் ஓர் ஊசியும் போதும். இரத்தம் கொட்டுபவளுக்குச் சலைன், கூடுதல் ஊசிகள், சிறுநீர்க் குழாய், தையல், இரண்டு மூன்று இரவுப் படுக்கை எல்லாம் வேண்டும். ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தண்டத்தொகை என்பதே இதன் பொருள். தனக்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டி அறிய முடியாத குடும்பம், தெரிந்த ஊர் மருத்துவச்சியிடமே போகும். அது மடமை அன்று, கணக்கு. இங்கே கையில் பணம் புழங்குவது எள்ளும் சூரியகாந்தியும் விற்கும் மாதங்களில்தான். மே, ஜூன் மாதங்களில் குதிர் காலியாக இருக்கும். குழந்தைகள் எல்லா மாதங்களிலும் பிறக்கின்றன.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1955-இல் தொடங்கப்பட்ட உகாண்டா கத்தோலிக்க மருத்துவச் செயலகம், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தன் மருத்துவமனைகளைக் கட்டணத்தைக் குறைக்கவும் ஒரே தொகையாக்கவும் வலியுறுத்தியது; அப்படிச் செய்த இடங்களில் நோயாளிகளின் வருகை, குறிப்பாகப் பெண்கள், குழந்தைகளின் வருகை, கூடியது. ஒரு மருத்துவமனை தன் பணிநோக்கத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்பதை அளக்கவே அந்தச் செயலகம் ஓர் அலகு முறையை வைத்திருக்கிறது. ஒரு வெளிநோயாளி வருகைக்கு 1, ஓர் உள்நோயாளிச் சேர்க்கைக்கு 15, ஒரு பிரசவத்துக்கு 5, ஒரு கர்ப்பகாலப் பரிசோதனைக்கு 0.5, ஒரு தடுப்பூசிக்கு 0.2 என்று மதிப்பிட்டுக் கூட்டி, ஓர் அலகுக்கு நோயாளியிடம் வாங்கும் கட்டணம் ஆண்டுக்காண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். உங்கள் நிதிக்குழு பிரசவப் பிரிவை "நட்டப் பிரிவு" என்று எழுதியிருக்கிறது. செயலகத்தின் அளவுகோலை எடுத்து ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். பிரசவம் போனால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து அலகுகள் போகின்றன. இங்கே பெறமாட்டேன் என்று தெரிந்த பெண் கர்ப்பகாலப் பரிசோதனைக்கும் இங்கே வரமாட்டார். அந்தக் குழந்தை தடுப்பூசிக்கும் வராது. காவலர், சூரிய மின்தகடு, ஆய்வகம், பொறுப்பாளர் ஆகிய செலவுகள் அப்படியே இருக்கும். மிஞ்சியிருக்கும் நோயாளிகளின் தலையில் அது விழும். அடுத்த கட்டண உயர்வுக்கு நீங்களே இப்போது அடிக்கல் நாட்டுகிறீர்கள்.

பணமுடை பொய் என்று நான் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, 2003 முதல் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு முதுகெலும்பாக இருந்த பெப்ஃபார் என்னும் அமெரிக்க எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தின் நிதியில் ஊதியம் பெற்றுவந்த ஆலோசகர்கள், தரவுப் பணியாளர்கள் எனப் பலர் நாடெங்கும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். எங்கள் மையமும் தப்பவில்லை. 2022-இல் அரசு தன் மருத்துவப் பணியாளர்களின் ஊதியத்தைக் கணிசமாக உயர்த்தியது. அதிலிருந்து மிஷன் மருத்துவமனைகளின் செவிலியர் அரசு வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆனால் முடை வந்தபோது எதை முதலில் வெட்டினீர்கள், எதைத் தொடாமல் விட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி. நகர மருத்துவமனையில் குளிர்சாதனத் தனி அறைகளின் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. தனி அறை வருமானம் பிற்பாடு கிராம மையத்தைத் தாங்கும் என்கிறீர்கள். இந்த வாதத்தை மதிக்கிறேன். சில மருத்துவமனைகளில் அது நடந்தும் இருக்கிறது. அப்படியானால் வருமானம் வரத் தொடங்கிய பிறகு அல்லவா கிராம மையம் அதன் பங்கைப் பெற வேண்டும்? இங்கே முதலீடே கிராம மையத்தின் செவிலியரிடமிருந்து எடுக்கப்படுகிறது.

எச்.ஐ.வி. பற்றிச் சொன்னேன். 2012 முதல் உகாண்டாவில் தொற்றுள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் வாழ்நாள் சிகிச்சை தொடங்கப்படுகிறது. குழந்தைக்குப் பிறந்தவுடன் தொற்றைத் தடுக்கும் நெவிரபின் சிரப் கொடுக்கப்பட்டு, ஆறாவது வாரத்தில் முதல் பரிசோதனை நடக்கிறது. இந்தச் சங்கிலியின் நடுக் கண்ணி பிரசவ அறை. ஆலோசகர்களை உதவி நிறுத்தம் கொண்டுபோனது. நடுக் கண்ணியையும் நாமே கழற்றினால், வீட்டில் பிறக்கும் குழந்தையின் உதட்டில் அந்தச் சிரப்பை யார் வைப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களில் சிலருக்கு அது பிடிக்காமல் போகலாம். உங்கள் மையங்களில் இயற்கை முறையைத் தவிர வேறு கருத்தடை வழங்கப்படுவதில்லை. அது திருஅவையின் போதனை. வேலையில் சேரும்போதே அறிந்து சேர்ந்தேன், அதை இங்கே விவாதிக்கவும் போவதில்லை. ஆனால் அந்த நிலைப்பாட்டை எடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு, அதனாலேயே, பிரசவத்தின் மீது மற்ற எவரையும்விடக் கூடுதல் கடமை வந்து சேர்கிறது. ஐந்தாவது, ஆறாவது கர்ப்பத்தோடு வரும் பெண்ணிடம் உயிரின் மேன்மையைப் பேசிவிட்டு, அந்த உயிர் வெளிவரும் இரவில் கதவைப் பூட்டுவது எந்த ஒழுக்க நூலிலும் அடங்காது.

துறவறப் பெண்கள் பிரசவம் பார்க்கும் உரிமையைப் பெற்ற வரலாற்றை உங்கள் பயிற்சி இல்லங்களில் கற்பிக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. திருஅவையின் தலைமையான உரோமை நெடுங்காலம் அதை அனுமதிக்கவில்லை. ஆஸ்திரியாவில் பிறந்த மருத்துவர் அன்னா டெங்கல், ராவல்பிண்டியில் ஆண் மருத்துவரிடம் போக முடியாமல் பெண்கள் இறப்பதைக் கண்டு, 1925-இல் மருத்துவ மறைபணிப் பெண்களின் குழுவொன்றைத் தொடங்கினார். அவர்கள் முறையான துறவற சபையாகும் வழி திறக்க 1936 பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் மறைபணி நாடுகளுக்குப் பொறுப்பான உரோமைத் துறையாகிய நம்பிக்கைப் பரப்புப் பேராயம் மறைபணி நாடுகளில் துறவறப் பெண்கள் தாய்மாரையும் சிசுக்களையும் பேணும் பணியில் இறங்கலாம் என்று அறிவுரை வெளியிட்டது. மறு ஆண்டே அயர்லாந்தின் மேரி மார்ட்டின் நைஜீரியாவில் தம் சபையைத் தொடங்கினார். அச்சகோதரிகள் பின்னர் உகாண்டாவின் மசாக்காவில் கிட்டோவு மருத்துவமனையை நடத்தினார்கள். அங்கே அவர்களுள் ஒருவரான அறுவை மருத்துவர் மோரா லிஞ்ச், 2017-இல் இறக்கும்வரை, சிறுநீர் ஓயாமல் கசியும் ஃபிஸ்டுலா நோயுடன் ஒதுக்கப்பட்டு வாழ்ந்த பெண்களுக்கு அறுவை செய்துவந்தார். ஃபிஸ்டுலா எதனால் வருகிறது? தடைப்பட்ட பிரசவம் உரிய நேரத்தில் கவனிக்கப்படாமல் நாள்கணக்கில் நீடிப்பதால். ஒரு தலைமுறைச் சகோதரிகள் அதை அறுவையால் சரிசெய்தார்கள். அது உருவாகும் சூழலை நாம் இப்போது சுற்றறிக்கையால் ஏற்படுத்துகிறோம்.

இந்த வட்டாரத்து மக்களின் நினைவில் கத்தோலிக்க மருத்துவமனையின் இரவு வாசலுக்குத் தனி இடம் உண்டு. 1959-இல் கொம்போனி மறைபணியாளர் தொடங்கிய குலுவின் லாச்சோர் மருத்துவமனை, போர்க்காலத்தில் கிளர்ச்சிப் படையினர் பிள்ளைகளைக் கடத்திச் சென்ற ஆண்டுகளில், இரவுதோறும் ஆயிரக்கணக்கான தாய்மாரையும் சிறுவரையும் தன் மதிலுக்குள் படுக்க வைத்தது. 2000-இல் எபோலா வந்தபோது அதன் கண்காணிப்பாளர் மாத்தியூ லுக்வியா நோயாளிகளோடு நின்று, அந்த டிசம்பரில் அந்நோயாலேயே இறந்தார். அப்போதும் நிதிநிலை நன்றாக இருக்கவில்லை. எங்கள் காவலரே சிறுவனாக அந்த மதிலுக்குள் படுத்துறங்கியவர். அவரைக் கொண்டுதான் இன்று ஒரு கர்ப்பிணியைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

உகாண்டா முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலைமை மோசமாகவில்லை, மேம்பட்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வு ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 336 தாய்மார் இறப்பதாகக் கணக்கிட்டது. 2022 ஆய்வில் அது 189. பெண்கள் மையங்களுக்கு வந்து பெறத் தொடங்கியதற்கு இதில் பெரும் பங்குண்டு. வரச் சொல்லி அவர்களைப் பழக்கியவர்களில் நாமும் ஒருவர். ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு மறைக்கல்வி ஆசிரியர்களைக் கொண்டு, வீட்டில் பெறாதீர்கள் என்று ஆலயந்தோறும் அறிவித்தோம். அவர்கள் நம்பி வந்தார்கள்.

முடிவெடுத்த விதத்தைப் பற்றியும் ஒரு சொல். மையத்துக்கு மேலாண்மைக் குழு ஒன்று இருக்கிறது. அதில் ஊர்ப் பெரியவர்களும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களும் பலகையில் பார்த்துத்தான் அறிந்தார்கள். பிரசவ அறை நிற்கும் நிலம் ஒரு குலத்தார் தங்கள் பொது நிலத்திலிருந்து விட்டுக்கொடுத்தது. கட்டுமானத்துக்கு மணலும் தண்ணீரும் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவர்கள் அவர்களின் பெண்கள். பயனாளிகள் என்று உங்கள் அறிக்கைகளில் வருபவர்கள் உண்மையில் பங்காளிகள். பங்காளியைக் கேட்காமல் வீட்டை மாற்றியமைப்பது நம் ஊரில் எப்படிப்பட்ட வழக்கில் கொண்டுபோய் விடும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே நான் கேட்பவை இவை. இரவுப் பிரசவத்தை நிறுத்தும் ஆணையை உடனே திரும்பப் பெறுங்கள். மாற்று ஏற்பாடு ஆகும்வரை, எந்நேரமானாலும் செவிலியரை எழுப்பக் காவலருக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். இந்த இரண்டாவது ஆணைக்கு ஒரு ஷில்லிங் செலவில்லை, நாளைக் காலையே அனுப்பலாம். பிரசவத்துக்கு முன்பணம் என்ற விதியை நீக்கி, பழைய ஒரே தொகையை மீண்டும் கொண்டுவாருங்கள். அதை உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசி, அறுவடை மாதத்தில் தவணையாகக் கட்டவும் இடம் கொடுங்கள். இடமாற்ற உத்தரவு பெற்ற செவிலியர் இருவரையும், அவர்களுக்குப் பதிலாட்கள் வந்து பொறுப்பேற்கும்வரை, மையத்திலேயே இருக்க விடுங்கள். லாப நோக்கமற்ற மையங்களுக்கு அரசு தன் பணியாளரை அனுப்பிவைக்கும் வழக்கம் இருப்பதால், ஒரு செவிலியரை அனுப்புமாறு மாவட்ட சுகாதார அதிகாரிக்குச் சபையின் பெயரால் விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தை நான் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன், கையெழுத்து மட்டும் வேண்டும். கிராம மையத்தின் கணக்கையும் நகர மருத்துவமனையின் கணக்கையும் தனித்தனியே தணிக்கை செய்து, அரசு மானியம் எவ்வளவு, தமிழகத்துக் காணிக்கை எவ்வளவு, எது எங்கே போனது என்பதைக் கொடுத்தவர்களுக்கும் இங்குள்ள குழுவுக்கும் வெளியிடுங்கள். தனி அறை வருமானத்தில் எந்தப் பங்கு கிராம மையத்துக்கு வரும் என்பதைச் சுற்றறிக்கையில் அல்ல, ஒப்பந்தமாக எழுதுங்கள். "வருமுன் பிறந்தவை" எத்தனை, இரவில் வாசலிலிருந்து திரும்பியவர்கள் எத்தனை என்று காவலரின் குறிப்பேட்டிலிருந்து எடுத்து மாதாந்தர அறிக்கையில் தனிப் பத்தியாகச் சேர்க்க உத்தரவிடுங்கள். கடைசியாக, உங்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து ஒருவர், வரவேற்பு நடனமும் மாலையும் இல்லாமல் இங்கே வந்து, மேலாண்மைக் குழுவின் பெண்களோடு உட்கார்ந்து இந்த முடிவை விளக்கட்டும். அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு குழு எடுக்கும் முடிவு எதுவானாலும் காரணங்களோடு எழுத்தில் தாருங்கள். அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் அந்தப் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வட உகாண்டாவில் உங்கள் மையத்தில் பணிபுரியும் செவிலியர்